ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு லினக்ஸ் எழவில்லையா? ஃபார்மேட் செய்யாமல் மீட்கும் வழி

நேற்று வரை ஒழுங்காக ஓடிய லினக்ஸ் லேப்டாப், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஒன்று ஏறியதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இல்லையென்றால் அதில் லினக்ஸ் இருந்ததே தெரியாததுபோல் நேராக விண்டோஸுக்குள் போய்விடும். கோலாலம்பூரில் இதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குப் பல நேரம் கிடைக்கும் பதில், "ஃபார்மேட் அடிக்கணும்" என்பதுதான். தயவுசெய்து அடிக்க விடாதீர்கள். உங்கள் படங்கள், பாடக் குறிப்புகள், கடைக்கணக்கு எல்லாம் வட்டில் அப்படியே இருக்கின்றன. மாறியிருப்பது மதர்போர்டு சிப்பில் இருக்கும் சில அமைப்புகள் மட்டும். அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரமும் கொஞ்சம் நிதானமும் போதும்.

முதல் வேலை, திரையில் இருக்கும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது. இதைச் செய்யாமல் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம். செக்யூர் பூட் என்பது கையெழுத்து சரியில்லாத நிரலைக் கணினி எழும்போதே தடுக்கும் காவல். அதன் கோளாறுகள் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், செய்தியின் சொற்கள்தாம் யார் தடுத்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும். தடுத்தவர் யாரென்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

யார் யாரைச் சோதிக்கிறார்கள்

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது ஃபர்ம்வேர். பழைய பழக்கத்தில் பயாஸ் என்கிறோம், இன்று இருப்பது யூஈஎஃப்ஐ. நம் ஊர் அடுக்குமாடிகளின் காவலர் அறையைப் போல அதனிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. யாரை உள்ளே விடலாம் என்பது ‘டிபி’. யாரை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது என்பது ‘டிபிஎக்ஸ்’. அடுத்து ஓடப்போகும் நிரலில் உள்ள கையெழுத்தை இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஃபர்ம்வேர் அனுமதிக்கும்.

சந்தையில் விற்கும் கணினிகளின் டிபி பட்டியலில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் சாவிகள்தாம் இருக்கும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளின் சாவிகளை அது அறியாது. அதனால் ‘ஷிம்’ என்ற சிறிய நிரல் ஒன்றை மைக்ரோசாஃப்டின் கையெழுத்தோடு வெளியிடுகிறார்கள். ஃபர்ம்வேர் ஷிம்மைச் சோதிக்கும், ஷிம், எழும்போது பட்டியல் காட்டும் ‘கிரப்’பைச் சோதிக்கும், பிறகு லினக்ஸின் மையமான கர்னல் சோதிக்கப்படும், கடைசியில் கர்னல் தன்னுள் ஏறும் டிரைவர்களைச் சோதிக்கும். நாமே உருவாக்கிச் சேர்க்கும் சாவிக்கு ‘மோக்’ என்று பெயர். இயந்திரத்தின் உரிமையாளருக்கான சாவி அது. என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றுக்குத் தேவைப்படும்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இந்தச் சங்கிலியில் எங்கே கை வைக்கிறது? சில நேரம் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் மீண்டும் இயங்கத் தொடங்கும். சில நேரம் டிபிஎக்ஸ் பட்டியல் நீண்டு, பழைய ஷிம்மும் கிரப்பும் தடைக்குள் வந்துவிடும். சில நேரம் நீங்கள் சேர்த்த மோக் அழிந்துபோகும். இன்னும் சில நேரம், எதை எழுப்புவது என்று சொல்லும் பூட் பட்டியலில் இருந்த லினக்ஸ் வரியே காணாமல் போகும்.

உள்ளே கை வைக்கும் முன்

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் இயந்திரம் என்றால், விண்டோஸ் தன் வட்டைப் பூட்டிவைக்கும் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுத்து வைக்காமல் மேலே போக வேண்டாம். செக்யூர் பூட்டை அணைத்தாலோ சாவிகளை மாற்றினாலோ விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். "நான் பிட்லாக்கர் போட்டதே இல்லை" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த புது லேப்டாப்புகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். கைப்பேசி வழியாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸ் வட்டைப் பூட்டி, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால், அதன் கடவுச்சொல்லும் உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும். இனி அதைக் கேட்கும்.

அப்புறம் மின்சாரம். அமைப்பை மாற்றுவதில் ஆபத்து இல்லை. ஃபர்ம்வேரை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். கோலாலம்பூரில் பிற்பகலில் வானம் கறுத்து இடி இடிக்கத் தொடங்கினால் அன்றைக்கு பயாஸ் புதுப்பிப்பைத் தொடாதீர்கள். லேப்டாப்பில் பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வாங்கிக்கொள்வது நல்லது.

ஃபர்ம்வேர் அமைப்புக்குள் நுழையும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லெனோவோ திங்க்பேடில் எஃப்1, டெல்லிலும் ஏசரிலும் எஃப்2, எச்பியில் எஃப்10, ஆசுஸில் எஃப்2 அல்லது டெலீட். முடுக்கிய உடனே விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசரில் ஒரு விசேஷம் உண்டு. செக்யூர் பூட் வரி மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும். முதலில் ‘சூப்பர்வைசர் பாஸ்வேர்ட்’ ஒன்று வைத்தால்தான் திறக்கும். வைத்த கடவுச்சொல்லை எழுதி வையுங்கள்.

பழைய அலுவலக லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். முன்பு வைத்திருந்த நிறுவனம் போட்ட சூப்பர்வைசர் கடவுச்சொல் அப்படியே இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள பாதி வேலைகளை உங்களால் செய்யவே முடியாது.

இனி வரும் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெயர் முழுதாகப் பிடிபடவில்லை என்றால், முதல் மூன்று எழுத்தைத் தட்டி டேப் விசையை இருமுறை அழுத்துங்கள், கணினியே மீதியைக் காட்டும். ‘சூடோ’ என்று தொடங்குவது நிர்வாகி உரிமையோடு ஓடும், எழுத்துகள் எஸ், யு, டி, ஓ. நமக்கு அதிகம் உதவப்போவது மோக் சாவிகளைக் கையாளும் ‘மோக்யூட்டில்’. எழுத்துகள் எம், ஓ, கே, யு, டி, ஐ, எல்.

ஃபர்ம்வேரே தடுத்தால்

செய்தி பயாஸின் பாணியில், ஒரு சிவப்புக் கட்டத்திலோ லோகோவுக்குக் கீழேயோ வரும். ‘செக்யூர் பூட் வயலேஷன், இன்வேலிட் சிக்னேச்சர் டிடெக்டட்’ என்றோ, ‘செலக்டட் பூட் இமேஜ் டிட் நாட் ஆதென்டிகேட்’ என்றோ இருக்கும். இது வந்தால் ஷிம்மையே உள்ளே விடவில்லை என்று பொருள்.

செந்தூலில் இருக்கும் என் தங்கை மகனுக்கு வந்தது இதுதான். மென்பொருள் மையம் "ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறது" என்று சொன்னதும் அழுத்திவிட்டான். "மாமா, கடையில 150 வெள்ளி கேக்குறாங்க, ஃபார்மேட் பண்ணித் தருவாங்களாம், அசைன்மென்ட் எல்லாம் உள்ள இருக்கு" என்று போன் செய்தான். பயாஸைத் திறந்து, செக்யூர் பூட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நடுவில் ஒரு வரி: ‘அலோ மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி யூஈஎஃப்ஐ சிஏ’. எதிரே ‘ஆஃப்’. அதை ‘ஆன்’ ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்தான். உபுண்டுவின் லோகோ வந்தது. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானதாகக் கருதுகிறேன். மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு ஒரு சாவியும் மற்றவர்களுக்கு வேறொரு சாவியும் வைத்திருக்கிறது. ஷிம் இரண்டாவது சாவியால் கையெழுத்திடப்பட்டது. 2022 முதல் வந்த சில வணிக ரக லேப்டாப்புகளில் அந்த இரண்டாவது சாவி தொழிற்சாலையிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் நிறுவும்போது இயக்கியிருப்பீர்கள், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு அதை மறுபடி அணைத்திருக்கும். டெல்லில் ‘எனேபிள் மைக்ரோசாஃப்ட் யூஈஎஃப்ஐ சிஏ’ என்றும், எச்பியில் ‘எனேபிள் எம்எஸ் யூஈஎஃப்ஐ சிஏ கீ’ என்றும் தேடுங்கள். செக்யூர் பூட் பக்கத்துக்குள் எங்காவது இருக்கும்.

அந்த வரி சரியாக இருந்தும் தடுத்தால், பூட் பட்டியலில் எந்தக் கோப்பு இருக்கிறதென்று பாருங்கள். உபுண்டு அடைவுக்குள் ‘ஷிம்எக்ஸ்64’, ‘கிரப்எக்ஸ்64’ என்று இரண்டு கோப்புகள் இருக்கும். காணாமல் போன வரியைக் கையால் சேர்க்கிறவர்கள், பெயர் பழக்கமாக இருப்பதால் கிரப்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கிரப்பில் இருப்பது உபுண்டுவின் கையெழுத்து, அதை ஃபர்ம்வேர் அறியாது; தடுக்கத்தான் செய்யும். ஷிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டும் சரி, ஆனாலும் நகரவில்லை என்றால் உங்கள் ஷிம் பழையது, தடைப்பட்டியலில் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், இணையத்தோடு இணைத்து, எல்லாப் புதுப்பிப்புகளையும் போடுங்கள். உபுண்டு, டெபியனில் ‘ஷிம்-சைன்ட்’, ‘கிரப்-ஈஎஃப்ஐ-ஏஎம்டி64-சைன்ட்’ என்ற இரண்டு பொதிகளையும் மறுநிறுவல் செய்யுங்கள். பிறகு செக்யூர் பூட்டை இயக்குங்கள்.

‘ரிஸ்டோர் ஃபேக்டரி கீஸ்’ என்ற பொத்தானைப் பார்த்ததும் அழுத்தத் தோன்றும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சேர்ந்த புதிய சாவிகளை அது அழித்துவிடலாம், பிட்லாக்கரும் கேள்வி கேட்கும். பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் கீஸ்’ இன்னும் மோசம். எல்லாச் சாவிகளையும் துடைத்து, செக்யூர் பூட்டே வேலை செய்யாத நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

ஷிம் தன்னையே மறுத்தால்

‘வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்ட்’, அதற்குக் கீழே ‘சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்ற மிரட்டலான வரி, பிறகு கணினி தானாக அணைந்துவிடும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு இரட்டை பூட் வைத்திருந்த பலர் உலகம் முழுவதும் பார்த்த செய்தி இது. எஸ்பேட் (எழுத்துகள் எஸ், பி, ஏ, டி) என்பது "இந்தத் தலைமுறைக்கு முந்தைய ஷிம், கிரப் எதுவும் வேண்டாம்" என்று சொல்லும் குறிப்பு. 2020இல் கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டை வெளியானபோது, ஒவ்வொரு பழைய கோப்பையும் தனித்தனியே தடைப்பட்டியலில் சேர்க்கப்போய் அந்தப் பட்டியலின் இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே தடவையில் தீர்ந்துபோனது. அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த ஆகஸ்டில் பழைய லினக்ஸ் வைத்திருந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். 2025 மே மாதத்தில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

வரிசையாகச் செய்யுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். லினக்ஸுக்குள் போய் ‘சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்’ என்று கொடுங்கள். மறுபடி ஒருமுறை லினக்ஸுக்குள்ளேயே முடுக்குங்கள், செக்யூர் பூட் இன்னும் அணைந்தே இருக்கட்டும். இந்த நடுச்சுற்றில்தான் பழைய குறிப்பு அழியும். இதைத் தவறவிட்டால் பலன் இருக்காது. பிறகு ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பித்துவிட்டு செக்யூர் பூட்டை இயக்குங்கள்.

அலமாரியில் கிடக்கும் பழைய உபுண்டு யூஎஸ்பியும் இதே காரணத்தால் மறுக்கப்படலாம். மீட்பு வேலைக்கு இன்றைய பதிப்பைத் தரவிறக்கி, புதிதாக எழுதிய யூஎஸ்பியைப் பயன்படுத்துங்கள்.

கிரப் வரை வந்து நின்றால்

கர்னல் பட்டியல் தெரிகிறது, ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்கிறது. கர்னலின் கையெழுத்தை ஷிம் அறியவில்லை. நீங்களே தொகுத்த கர்னலாகவோ, வெளியிலிருந்து நிறுவிய கர்னலாகவோ இருக்கும். கிரப்பில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், உங்கள் லினக்ஸ் வெளியீட்டோடு வந்த கர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும்.

இன்னொரு வகை நயமாக வரும். கணினி எழும், ஆனால் திரை பெரிய பெரிய எழுத்தாக இருக்கும், இரண்டாவது மானிட்டர் தெரியாது, சிலருக்கு வைஃபை இருக்காது. கையால் அந்த டிரைவரை ஏற்றிப் பார்த்தால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று பதில் வரும். இங்கே டிரைவரில் குறை இல்லை. செக்யூர் பூட் இயங்கும்போது கையெழுத்து சரிபார்க்க முடியாத டிரைவரைக் கர்னல் ஏற்காது; உங்கள் மோக் சாவியை ஃபர்ம்வேர் புதுப்பிப்பு அழித்துவிட்டிருக்கிறது. டிரைவரை நீக்கி நிறுவி, நீக்கி நிறுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் ‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ கொடுத்து செக்யூர் பூட் இயங்குகிறதா பாருங்கள். ‘மோக்யூட்டில் --லிஸ்ட்-என்ரோல்ட்’ கொடுத்தால் சேர்ந்துள்ள சாவிகள் வரும். உங்களுடையது இல்லையா, சரி, மீண்டும் சேர்ப்போம். சாவிக் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும். உபுண்டுவில் வார், லிப், ஷிம்-சைன்ட், மோக் என்று அடைவுகள் வழியே போனால் ‘மோக்.டிஇஆர்’ கிடைக்கும். டெபியனில் வார், லிப், டிகேஎம்எஸ் அடைவில் ‘மோக்.பப்’. ‘சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். புதிதாக ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் தேவைப்படும் சொல் அது. எண்களும் சிறிய எழுத்துகளுமாக எட்டு இடம் போதும். குறிகள் வேண்டாம்.

கணினியை மீண்டும் முடுக்குங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். நீலத்திரை ஒன்று வந்து, ஏதாவது விசையை அழுத்தச் சொல்லி, பத்து நொடி எண்ணும். அந்தப் பத்து நொடியில் காப்பி எடுக்கப் போனால், ஒன்றும் நடக்காததுபோல் அது லினக்ஸுக்குள் போய்விடும், இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். விசையை அழுத்தியதும் ‘என்ரோல் மோக்’, பிறகு ‘கன்டினியூ’, பிறகு ‘யெஸ்’, பிறகு அந்தக் கடவுச்சொல். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். ‘ரீபூட்’ கொடுங்கள், முழுத் திரையும் திரும்பி வரும்.

லினக்ஸே பட்டியலில் இல்லை என்றால்

முடுக்கும்போது பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9. அங்கே லினக்ஸ் இருந்தால் வரிசைதான் மாறியிருக்கிறது, அமைப்பில் மேலே ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் ‘ஆட் பூட் ஆப்ஷன்’ வழியாக ஷிம் கோப்பைக் காட்டிச் சேர்க்கலாம். வட்டே தெரியவில்லை என்றால் ஸ்டோரேஜ் பக்கத்தில், வட்டைக் கணினி அணுகும் முறையான ‘ரெய்ட்’, ‘ஏஎச்சிஐ’ அமைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், முன்பிருந்ததற்கே திருப்புங்கள். விண்டோஸ் இருக்கும் இயந்திரத்தில் இதை ஊகத்தில் மாற்றக்கூடாது.

அணைத்தே வைத்துவிட்டால் என்ன?

அணைத்தால் வேலை ஓடிவிடும், உண்மைதான். மேலே சொன்ன பல வழிகளில் நடுவில் அணைக்கவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வேலை முடிந்ததும் இயக்கிவிடுங்கள் என்று வற்புறுத்துவேன். இயங்குதளம் எழும் முன்பே உள்ளே ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் லினக்ஸுக்கு வராது என்று நீண்டகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 நவம்பரில் ஈசெட் நிறுவன ஆய்வாளர்கள் ‘பூட்கிட்டி’யை வெளிப்படுத்தினார்கள், உபுண்டுவின் சில பதிப்புகளைக் குறிவைத்து எழுதியது. முழு ஆயுதமாக வளராத முன்மாதிரிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தாக்குபவர் தன் சாவியையும் சேர்த்து ஏற்றியிருந்தாலொழிய, செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அது ஓடாது. வங்கி வேலையும் வருமான வரிப் படிவமும் ஒரே லேப்டாப்பில் பார்க்கிற நமக்கு, இலவசமாகக் கிடைக்கும் இந்தக் காவலை விடுவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

2026இன் சாவி மாற்றம்

ஷிம்மில் கையெழுத்திட இத்தனை ஆண்டுகளாகப் பயன்பட்ட மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழின் காலாவதி மாதம் 2026 ஜூன். விண்டோஸுக்கான 2011 சான்றிதழுக்கு 2026 அக்டோபர். அன்றைக்கு உங்கள் கணினி நின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஃபர்ம்வேர்கள் பொதுவாக இந்தக் காலாவதி நாளைப் பார்ப்பதில்லை, ஏற்கனவே ஓடுவது ஓடும். சிக்கல் வேறிடத்தில். புதிய ஷிம்கள் 2023 சாவியால் மட்டும் கையெழுத்திடப்பட்டு வரும்போது, அந்தச் சாவி உங்கள் டிபி பட்டியலில் இல்லையென்றால் முதல் வாசலிலேயே தடை விழும்.

‘மோக்யூட்டில் --டிபி’ என்று கொடுத்து, வருவதில் ‘மைக்ரோசாஃப்ட் யூஈஎஃப்ஐ சிஏ 2023’ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் கட்டளைக்குப் போகலாம், எழுத்துகள் எஃப், டபிள்யு, யு, பி, டி, எம், ஜி, ஆர். முதலில் ‘எஃப்டபிள்யுஅப்டிஎம்ஜிஆர் ரெஃப்ரெஷ்’, அடுத்து ‘எஃப்டபிள்யுஅப்டிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்’ கொடுங்கள். சாவிப் புதுப்பிப்பு வந்திருந்தால் பட்டியலில் தெரியும். போடுவதற்கு முன் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்: பிட்லாக்கர் எண் தாளில் இருக்கிறதா, லினக்ஸ் முழுதாகப் புதுப்பித்தாயிற்றா, பயாஸின் செக்யூர் பூட் பக்கமும் பூட் வரிசைப் பக்கமும் கைப்பேசியில் படமாக இருக்கின்றனவா, புது யூஎஸ்பி ஒன்று கையில் இருக்கிறதா. நான்கும் ஆனபின் சார்ஜரைச் செருகிவிட்டு ‘எஃப்டபிள்யுஅப்டிஎம்ஜிஆர் அப்டேட்’ கொடுங்கள்.